மாட்டுப் பொங்கலுக்கு எந்த மலை? வால்பாறை, நீலகிரி, கொல்லிமலை

நம் பைக் பயணச் சங்கத்தின் போன வாரக் கூட்டத்தில் கை தூக்கி வாக்கெடுத்தோம். வால்பாறைக்கு ஏழு பேர், நீலகிரிக்கு ஆறு பேர், கொல்லிமலைக்கு நான்கு பேர். அந்த நான்கில் ஒரு கை என்னுடையது. இந்தமுறை பயண ஏற்பாட்டை என் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள். ஏழையும் ஆறையும் விட்டுவிட்டு நான்கின் பக்கம் ஏன் நிற்கிறேன் என்று எழுதிச் சொல்வதுதான் முறை. படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாக்கெடுப்போம்.

நம் நிலவரம் இது. திருச்சியிலிருந்து 14 வண்டிகள், 17 பேர். பொங்கலன்று யாரும் வீட்டை விட்டு நகர முடியாது, நகரவும் கூடாது. எனவே மாட்டுப் பொங்கல் விடியலில் கிளம்பி மூன்றாம் நாள் இரவு வீடு திரும்ப வேண்டும். கையில் இருப்பது மூன்று பகல், இரண்டு இரவு. அந்த இரண்டு இரவும் கூடாரத்தில்தான் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். வண்டிகளில் 350 சி.சி. புல்லட்கள் ஐந்து, 400 சி.சி. வண்டி ஒன்று, 100 முதல் 125 சி.சி. வரை ஆறு, ஸ்கூட்டர் இரண்டு. ஓட்டுகிறவர்களில் மூத்த அண்ணனுக்கு வயது 62. போன தீபாவளிக்குப் பிறகுதான் ஓட்டுநர் உரிமம் வாங்கிய தம்பியும் வருகிறான். மலையைத் தேர்ந்தெடுக்கும்போது 400 சி.சி. வண்டியை மனத்தில் வைத்துப் பேசினால் ஸ்கூட்டர் ஓட்டி வருகிறவரைப் பாதி வழியில் விட்டுவிடுவோம்.

பட்டியலில் முதலில் வேறு மூன்று பெயர்களும் இருந்தன. ஏற்காடு பக்கம்தான், சேலத்திலிருந்து 20 வளைவுகள் ஏறினால் ஊர் வந்துவிடும். ஆனால் காணும் பொங்கலன்று ஏரியைச் சுற்றி கார்களுக்கு நடுவே முதல் கியரில் ஊர்வதற்காக அங்கே போக வேண்டுமா? கொடைக்கானலுக்கும் இதே பதில். மேகமலை எனக்கு மிகவும் பிடித்த மலை. சின்னமனூரிலிருந்து ஏறும் அந்தப் பாதையின் 18 வளைவுகளுக்கும் சங்க காலப் பூக்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஆனால் 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அது இருக்கிறது. மாலைக்கு மேல் சாலையையும் அடைத்துவிடுவார்கள். அங்கே கூடாரத்துக்கு இடமே இல்லை.

இனி நம் மூன்று மலைகளுக்கு வருகிறேன். கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம், பேச்செல்லாம் சாலையைப் பற்றியும் வளைவுகளின் எண்ணிக்கையைப் பற்றியுமே இருந்தது. எங்கே படுக்கப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் யோசனை அங்கிருந்துதான் தொடங்குகிறது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கூடாரம் அடிப்பது குற்றம். புலிகள் காப்பகத்தில் அதற்குமேல் கடுமை. இது வெறும் அபராத விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களும் நம்மைப்போல விடுமுறைக்கு மலையேறியவர்கள்தான். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. துணிக்கூடாரம் காட்டில் எதற்கும் மறைப்பாகாது. ஆக, கூடாரம் சட்டப்படி பட்டா நிலத்தில் இருக்க வேண்டும். அந்த நிலம் யானைத் தடத்தில் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் சாலையைப் பற்றிப் பேச வேண்டும்.

வால்பாறை என்றால் சங்கத்தில் பாதிப் பேருக்கு உயிர். எனக்கும்தான். ஆழியாறு அணையைத் தாண்டிச் சோதனைச் சாவடியில் பெயர் கொடுத்துவிட்டு, குரங்கு அருவியைக் கடந்து, 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவின் லோம்ஸ் வியூவில் நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் கீழே கைக்கண்ணாடி மாதிரி கிடக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதற்குச் சற்று மேலே ஒரு வளைவில் திரும்பியபோது, சாலையோரத் தடுப்புச் சுவரின்மேல் ஒரு பெண் வரையாடு குட்டியோடு நின்றிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு நின்றோம். பத்தடி தூரம்தான். அது எங்களைப் பார்த்துக்கொண்டே தாடையைப் பக்கவாட்டில் அசைத்துப் புல்லை மென்றது. குட்டி சுவரின் விளிம்பில் குளம்பை ஊன்றி, பின்னால் இருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டும் அந்தச் செங்குத்துப் பாறையில் மாடிப்படி இறங்குவதுபோல இறங்கிப் போயின. மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைச் சாலையிலேயே பார்க்கலாம். சாலைக்காக மட்டும் போவதென்றால் நானும் கேள்வியே கேட்காமல் வால்பாறைக்குத்தான் கை தூக்குவேன்.

ஆனால் அந்த ஊரில் தேயிலைத் தோட்டங்களும் காடும் பின்னிப்பிணைந்து கிடக்கின்றன. பகலில் கொழுந்து பறிக்கிற பாதையில் இரவில் யானை நடக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற ஆய்வு அமைப்பு அங்கே ஓர் அருமையான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள். யானையைப் பார்த்தவர் கைபேசியிலிருந்து அழைத்தால் அந்தப் பகுதியின் விளக்கு எரியும். வேலை முடிந்து வீடு திரும்புகிற தொழிலாளி அதைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்வார். அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்களே விளக்கைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள் என்றால், இரண்டு நாள் விருந்தாளிகளான நாம் துணிக்குள் படுத்துத் தூங்குவது எப்படிச் சரியாகும்? எஸ்டேட்களில் வீட்டு வாசலிலிருந்தே சிறுத்தை குழந்தையைத் தூக்கிச் சென்ற கொடுமையும் நடந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் இதே பொள்ளாச்சி-வால்பாறைச் சாலையில், பைக்கில் வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். சாலையோரத்தில் யானை நிற்பது தெரிந்து மற்ற வண்டிகள் நின்றுவிட்ட இடம் அது.

தூரத்தையும் பார்க்க வேண்டும். கரூர், தாராபுரம், உடுமலை வழியாகப் பொள்ளாச்சி கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அங்கிருந்து வால்பாறை 64. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால், ஸ்கூட்டர்களின் வேகத்தில், சாப்பாடு, தேநீர், ஒரு பஞ்சர் எல்லாம் சேர்த்து மேலே போய்ச் சேர மதியம் இரண்டாகிவிடும். மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, பொழுது சாய்ந்த பிறகு நம்மை விட மாட்டார்கள். 2025 நவம்பர் முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும். இ-பாஸ் பெரிய சுமையில்லை. ஆனால் மூன்று நாளில் இரண்டு நாள் சமவெளி நெடுஞ்சாலையிலேயே போய்விடும். வால்பாறைக்கு நான்கு நாள் வேண்டும், கூரையுள்ள அறை வேண்டும். வேறொரு சமயம், கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்பது என் கருத்து.

நீலகிரிக்கு வாக்களித்த ஆறு பேரும் மஞ்சூர் சாலையை மனத்தில் வைத்துத்தான் வாக்களித்தார்கள் என்று தெரியும். காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறும் அந்தப் பாதையில் 43 வளைவுகள். வண்டி நெரிசல் கிடையாது. மின்வாரியத்தின் ராட்சதக் குழாய்கள் மலையில் இறங்குகிற காட்சி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதே பாதையில் யானைக்கூட்டம் பேருந்தை மறித்து நிற்பதும் வழக்கம். பேருந்தில் இருப்பவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருக்கலாம். பைக்கில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

நீலகிரியில் கூடாரம் என்றதும் எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. உங்களில் எட்டுப் பேர் என்னுடன் இருந்தீர்கள். கைபேசியில் படங்கள் அனுப்பிய ஓர் ஏற்பாட்டாளர், ‘வனத்தின் நடுவே முகாம்’ என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தால், வனத்துறையினர் அங்கே டார்ச் விளக்குடன் நின்றிருந்தார்கள். அந்த நிலத்தில் முகாம் நடத்த எந்த அனுமதியும் இல்லை. அவர்கள் திட்டவில்லை. வயதான வனக்காவலர் ஒருவர், நமக்காக அடித்துவைத்திருந்த கூடாரங்களில் ஒன்றின் பின்பக்கம் அழைத்துப்போய் டார்ச்சைக் கீழே அடித்துக் காட்டினார். ஈரமண்ணில் யானைக்காலடி, அதன் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. “இது நேற்று ராத்திரியுடையது, தம்பி” என்றார். பல் கிட்டித்துக்கொள்கிற குளிரில் ஊருக்குத் திரும்பி, ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் படுத்தோம். முன்பணம் வரவேயில்லை. பணம் போனதைவிட, அந்தக் காலடியில் நிற்கிற தண்ணீர்தான் இன்னும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

அங்கே சட்டம் இறுகியதற்கும் காரணம் இருக்கிறது. மசினகுடியை ஒட்டிய சீகூர்ப் பகுதியின் யானை வழித்தடத்தைக் காக்கும் அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. வழித்தடத்தில் இருந்த விடுதிகள் மூடப்பட்டன. ஆகவே மசினகுடிப் பக்கம் மலிவாகக் கூடாரம் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் நிலத்தின் ஆவணத்தைக் கேளுங்கள். கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. விபத்துகள் தொடர்ந்ததால் ஊட்டியிலிருந்து அந்த வழியே கீழே இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் உள்ளது.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாத அதிகாலையில் தலைகுந்தாவில் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். நம்மிடம் இருக்கிற ஒன்பது கூடாரங்களும் கோடைக்காலத்துக்கானவை, படுக்கைப்பைகளும் அப்படித்தான். மூத்த அண்ணனுக்கு மூச்சுத் தொல்லை உண்டு. அவர் வாயால் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

இப்போது கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று மலைகளில் வளைவு எண்ணிக்கையில் இதுதான் முதலிடம். அப்படியிருந்தும் வாக்கு குறைந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறது, எல்லோரும் ஒருமுறையாவது ஒரே நாளில் ஏறி, ஆகாயகங்கை அருவியில் குளித்து, இறங்கிவிட்டோம். ‘பார்த்த மலைதானே’ என்ற அலட்சியம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அங்கே ஓர் இரவு தங்கியிருக்கிறோம்? மாலை ஐந்து மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் இறங்கிவிட்டால் அது வேறு மலை. செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் வல்வில் ஓரியின் சிலையடியில் ஊர்க்காரர்கள் மட்டும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. மேலே போய்ச் சேரும்வரை மொத்தம் 140 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் காவிரியோரமாகப் பொழுது விடிவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். நாமக்கல்லில் சாப்பிட்டு, பெட்ரோலும் முட்டையும் வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வளைவுகளைத் தொட்டுவிடலாம். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கிற புல்லட்டுக்குப் போக வர எட்டு லிட்டர் போதும். வால்பாறைக்கு அதே வண்டி 15 லிட்டருக்கு மேல் குடிக்கும், ஊட்டிக்கு அதைவிட அதிகம். ஆனால் நான் பெரிதாக நினைப்பது காசை அல்ல, முழுசாகக் கிடைக்கிற இரண்டாம் நாளை. அன்று வண்டிகளை ஓய்வாக நிறுத்திவிட்டு, அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி அருவிக்குப் போகலாம். முழங்கால் வலிக்கிறவர்கள் மாசிலா அருவியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொல்லிமலை புலிகள் காப்பகம் அல்ல, யானை வாழ்கிற மலையும் அல்ல. சரிவுகளில் காப்புக்காடு உண்டு, கரடி உண்டு. ஆனால் மேலே இருக்கிற பீடபூமியில் ஊர்கள், ‘மலையாளி’ எனப்படும் பழங்குடி மக்களின் வயல்கள், மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் விளைகிற தோட்டங்கள். பட்டா நிலத்தில், ஊருக்குள், வீட்டுக்காரரின் அனுமதியோடு கூடாரம் அடிக்கலாம். அப்படியோர் இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அரை ஏக்கர் சமதளம், கிணறு, இரண்டு கழிவறைகள். நம்முடன் ஐந்து பெண்கள் வருகிறார்கள். ‘காட்டுக்குள்ளே எல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்’ என்று ஆண்கள் சொல்லிவிடுவது எளிது. அந்தக் கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதுவரை பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இருக்கிறது.

இந்த மலைக்கும் குறைகள் உண்டு. காணும் பொங்கலன்று பகலில் ஆகாயகங்கையில் கூட்டம் நெரியும். நாம் அன்று காலை ஏழரைக்கே படியிறங்கிவிட வேண்டும், பதினொன்றுக்குள் மேலே வந்துவிட வேண்டும். விடுமுறை நாளில் குடித்துவிட்டு வளைவில் வண்டியைச் சாய்த்து வேடிக்கை காட்டுகிற இளைஞர்களும் வருகிறார்கள். அவர்களோடு போட்டி போடுகிறவரை அடுத்த பயணத்துக்கு நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். வரையாட்டையும் சிங்கவால் குரங்கையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். தேயிலைத் தோட்டத்தின் பச்சை விரிப்பும் இல்லை.

என் உண்மையான கவலை இறக்கத்தைப் பற்றியது. 70 வளைவுகள் ஏறுவது எஞ்சினின் வேலை, இறங்குவது பிரேக்கின் வேலை. முந்தைய பயணம் ஒன்றில், இறங்கும் வழியில் பாதித் தூரத்தில் எனக்கு முன்னால் போன வண்டியிலிருந்து கருகிய வாடை வந்தது. நிறுத்தச் சொன்னேன். பின்சக்கர டிரம்மின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் ‘சுர்’ரென்று கொதித்து மறைந்தது. ஓட்டியவர் அதுவரை பிரேக் மிதியிலிருந்து காலை எடுக்கவேயில்லை என்றார். இன்னும் ஐந்தாறு வளைவு போயிருந்தால் மிதித்தாலும் பிடித்திருக்காது. கியர் வண்டிக்காரர்கள் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டருக்கு அந்த உதவி மிகக் குறைவு. வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விலகிவிடும், பிறகு வண்டி முழுவதும் பிரேக்கை நம்பித்தான் ஓடும். அவர்கள் வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். தொட்டும் தொடாமலும் தேய்த்துக்கொண்டே வருவதுதான் சூட்டைக் கிளப்புகிறது. பதினைந்து வளைவுக்கு ஒருமுறை எல்லோரும் நிற்போம். சூடான டிரம்மிலும் டிஸ்க்கிலும் யாரும் தண்ணீரை ஊற்ற வேண்டாம், நான் அன்று விட்டது ஒரே சொட்டு. ஸ்கூட்டர் ஓட்டுகிற இருவருக்கும் பயமாக இருந்தால் முள்ளுக்குறிச்சிப் பக்கத்து வழியாக இறங்கலாம், அங்கே வளைவுகள் குறைவு. அவர்களோடு நானும் வருகிறேன்.

ஏறும்போது முன்வண்டியை மூத்த அண்ணன் ஓட்டட்டும். அவர் வேகம்தான் சங்கத்தின் வேகம். பழுதுபார்க்கத் தெரிந்தவர் கடைசி வண்டியில். புதிதாக உரிமம் வாங்கிய தம்பி எனக்கு முன்னால். வளைவில் ஒலி எழுப்பிவிட்டு இடப்பக்கமே ஒட்டித் திரும்ப வேண்டும். இறங்கும்போது எதிரே ஏறி வருகிற பேருந்துக்கு நின்று வழிவிட வேண்டும்.

குளிருக்கு ஒரு கம்பளியும் காதுத் தொப்பியும் போதும், ஆனால் பனிக்குத் தயாராக வாருங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய், உள்ளே கோரைப்பாய், அதற்குமேல் படுக்கைப்பை. மேல்விரிப்பைக் கட்டாமல் விட்டால் காலையில் நனைந்த துணியோடுதான் எழுந்திருப்பீர்கள். நெருப்பு ஒரே இடத்தில், வீட்டுக்காரர் காட்டிய குழியில் மட்டும், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு. படுக்கப் போகும்முன் நான் அணைத்துக் கையால் தொட்டுப் பார்ப்பேன். சாப்பாட்டை வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். முதல் இரவு சாமைச் சோறும் மொச்சைக்குழம்பும், மறுநாள் நாம் கொண்டுபோகிற முட்டையில் ஏதாவது. சாப்பிடுவது வாழை இலையில், மற்ற குப்பையெல்லாம் நம் வண்டியிலேயே நாமக்கல்லுக்கு இறங்கும்.

நிலத்துக்காரர் வாடகையைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார். அவர் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் எல்லாவற்றிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, தையிலும் மாசியிலும்தான் பறிப்பு. “கூடாரக் கயிற்றை மரத்தில் கட்டிவிடாதீர்கள் ஐயா, இழுத்தால் சரம் உதிர்ந்துவிடும்” என்றார். கட்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எனவே வாக்கு எந்த மலைக்கு விழுந்தாலும், ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவரவர் கூடாரத்துக்கான முளைகளை எண்ணிக் கொண்டுவாருங்கள். போனமுறை ஒன்பது கூடாரத்துக்கு நாற்பது முளைகள்தான் இருந்தன.